ஆர்தர் ஆஷ்: களம் மறுக்கப்பட்டவரின் மீள்வருகை

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகைகள் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடலை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு அணியக் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அவற்றுள் சேர்ந்தது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டதை மானுடவியலாளர் ஹட்டன் பதிவுசெய்துள்ளார். காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கையும் அன்று அம்மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

இத்தடைகள் யாவும் உடலைக் குறிவைத்தவை. உடல் எங்கே நிற்கலாம், எதை உடுத்தலாம், எங்கே நுழையக் கூடாது என்பதைப் பிறப்பே தீர்மானிக்கும் சமூகத்தில், விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்காக இருப்பதில்லை. அதனால்தான் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் வாழ்க்கையைச் செட்டிநாட்டு மண்ணில் நின்று நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் களத்துக்குத் திரும்ப முயன்ற அவர், எந்த நோய் தம்மை அதிகம் வருத்தியது என்பதற்கு இறுதியில் அளித்த விடை நம் சிந்தனைக்கு உரியது.

பூட்டிய மைதானங்களின் நகரம்

ஆர்தர் ஆஷ் 1943 ஜூலை 10 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராக விளங்கிய ஊர் அது. பள்ளி, பேருந்து, பூங்கா என அனைத்தும் அங்கே நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட புரூக் ஃபீல்டு பூங்காவின் காவலராகத் தந்தை பணியாற்றினார். பூங்காவுக்குள்ளேயே வீடு, வீட்டருகே டென்னிஸ் களம். ஆறு வயதில் தாயை இழந்த மெலிந்த சிறுவன், கைக்கெட்டிய மட்டையைப் பிடித்து ஆடத் தொடங்கினான். ஆனால் நகரின் நல்ல களங்கள் வெள்ளையர்களுக்கு உரியவை. பேர்டு பூங்காவில் நடந்த போட்டியில் ஆட விரும்பியபோது, நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார்.

ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற கறுப்பின மருத்துவர் தம் வீட்டுக் களத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்பித்துவந்தார். கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆல்தியா கிப்சனை வளர்த்தெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆஷுக்கு அவர் ஆட்டத்தோடு கட்டுப்பாட்டையும் கற்பித்தார். நடுவரோடு வாதிடக் கூடாது. கோட்டுக்குச் சற்று வெளியே விழும் பந்தையும் உள்ளே விழுந்ததாகவே கருதி ஆட வேண்டும். சினம் காட்டினால் அதையே சாக்காக்கிக் களத்திலிருந்து வெளியேற்றக் காத்திருப்போரிடையே ஆட வேண்டிய பிள்ளைகளுக்கான பாடம் இது. ஆஷின் புகழ்பெற்ற நிதானத்தைப் பிறவிக் குணமாக வியப்போர், அது அச்சத்தின் நிழலில் பயின்ற ஒழுக்கம் என்பதை மறந்துவிடுகின்றனர். பூனாவில் கிரிக்கெட் மண்டபத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தபடி விக்கெட்டுகளைச் சாய்த்த பல்வங்கர் பாலுவும் இந்த ஒழுக்கத்தை அறிந்தவர்தான்.

1963-இல் டேவிஸ் கோப்பைக்கான அமெரிக்க அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பர் ஆனார். 1968-இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றபோது அவர் இராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த தொழில்முறை சாரா வீரர். எனவே 14,000 டாலர் பரிசுத்தொகை, அவரிடம் தோற்ற டச்சு வீரர் டாம் ஒக்கருக்குச் சென்றது. 1970-இல் ஆஸ்திரேலிய ஓபன், 1975-இல் விம்பிள்டன் என அவர் மேலும் வென்றார். விம்பிள்டன் இறுதியில் எவராலும் வெல்ல முடியாதவராகக் கருதப்பட்ட ஜிம்மி கானர்ஸை வீழ்த்தியபோது, ஆஷுக்கு 32 வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன.

தென்னாப்பிரிக்கா என்ற கேள்வி

ஆஷின் அரசியல் ஒரே நேர்க்கோட்டில் சென்றதன்று. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அவருக்குப் பலமுறை விசா மறுத்து, 1973-இல் அனுமதித்தது. பார்வையாளர் இருக்கைகள் நிறத்தால் பிரிக்கப்படக் கூடாது என்ற நிபந்தனையுடன் அவர் அங்கே சென்றார். ஒற்றையர் இறுதியில் தோற்று, ஒக்கருடன் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றார். நிறவெறி அரசுக்கு அவர் நற்சான்று வழங்கிவிட்டதாகக் கறுப்பினப் போராளிகள் பலர் கண்டித்தனர். அதே வேளையில், சுதந்திரமான கறுப்பர் ஒருவரைத் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டது அப்போதுதான் என்று, அன்று சிறுவனாக இருந்த எழுத்தாளர் மார்க் மதபானே பின்னாளில் எழுதினார்.

அடுத்த ஆண்டு, 1974-இல், டேவிஸ் கோப்பை இறுதிக்கு முன்னேறிய இந்திய அணி, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்தது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ் உள்ளிட்டோர் கோப்பையைக் கைவிட நேர்ந்தது. அயல்நாட்டு நிறவெறிக்கு எதிராகக் கோப்பையையே துறந்த தேசம், தன் ஊர்களின் இரட்டைக் குவளைகளைத் துறக்கவில்லை என்பதை நாம் இங்கே சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். ஆஷோ தம் நிலைப்பாட்டை மறுஆய்வு செய்தார். உரையாடலால் மட்டும் நிறவெறி தகராது என உணர்ந்து, புறக்கணிப்பை ஆதரிக்கத் தொடங்கினார். 1985 ஜனவரியில் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார்.

குதிகாலும் இதயமும்

1977 பிப்ரவரியில் ஆஷின் இடது குதிகாலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே மாதம் ஜீன் முட்டுசாமியைத் திருமணம் செய்துகொண்டபோது அவர் காலில் கட்டு இருந்தது. மணமகள் ஒளிப்படக் கலைஞர். அவருடைய தந்தை சிகாகோவின் புகழ்பெற்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர்களுள் ஒருவர். தந்தைவழி வேர் கரீபியத் தீவான குவாதலூப்பில் உள்ளது. முட்டுசாமி என்பது நம் முத்துசாமியின் பிரெஞ்சு எழுத்துருவே. அடிமைமுறை ஒழிந்தபின் பிரெஞ்சுக் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளின் வழியே கப்பலேற்றப்பட்ட தமிழ்க் கூலிகளின் பெயர்ச் சுவடு அது. செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்தோர் என்றதும் வணிகக் குடும்பங்களின் மாளிகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. கூலியாகக் கப்பலேறியவர்கள் விட்டுச்சென்றவை பெரும்பாலும் பெயர்கள் மட்டுமே.

காயத்தால் ஆஷ் உலகத் தரவரிசையில் 257-ஆம் இடத்துக்குச் சரிந்தார். 34 வயது வீரருக்கு இத்தகைய சரிவு பொதுவாக ஓய்வையே குறிக்கும். அவர் சிறு போட்டிகளிலிருந்து மீண்டும் ஏறத் தொடங்கினார். 1979 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த மாஸ்டர்ஸ் இறுதியில், இருபது வயதும் நிறையாத ஜான் மெக்கன்ரோவுக்கு எதிராக இருமுறை வெற்றிப் புள்ளியின் விளிம்பில் நின்று, மூன்றாம் செட்டில் தோற்றார். தரவரிசையில் 13-ஆம் இடம் வரை மீண்டார். தோல்வியில் முடிந்தாலும் அந்த இறுதியாட்டம் மீள்வருகையின் உச்சமாகவே நினைவுகூரப்படுகிறது.

அது நீடிக்கவில்லை. 1979 ஜூலை 31 அன்று, 36 வயதில், அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. தாய்க்கும் இதயநோய் இருந்தது. தந்தையோ அதற்கு ஒரு வாரம் முன்புதான் இரண்டாம் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தார். டிசம்பரில் நான்கு இரத்தக் குழாய்களுக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின்னும் களத்துக்குத் திரும்பும் நோக்குடன் பயிற்சியைத் தொடர்ந்தார். 1980 மார்ச்சில் கெய்ரோவில் ஓடிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி மீண்டும் வந்தது. அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்.

களம் மாறியது, ஆட்டம் நிற்கவில்லை

ஓய்வுக்குப் பின் டேவிஸ் கோப்பை அணியின் தலைமைப் பொறுப்பேற்று 1981, 1982 ஆண்டுகளில் அமெரிக்காவுக்குக் கோப்பை பெற்றுத் தந்தார். எனினும் அக்காலத்தின் பெரும்பணி நூலகத்தில் நடந்தது. கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றைக் கல்லூரியில் கற்பிக்க முனைந்தபோது, அதற்கு முழுமையான நூல் இல்லை எனக் கண்டார். சொந்தப் பணத்தில் ஆய்வாளர்களை அமர்த்தி, பல ஆண்டுகள் உழைத்து, 1988-இல் மூன்று தொகுதிகளாக அவ்வரலாற்றை வெளியிட்டார். வென்றவர்களின் பெயர்கூட ஏடேறாத சமூகத்துக்கு ஆவணமும் ஒரு மீட்புதான்.

அவர் குதிகால் சிகிச்சைக்குச் சென்ற அதே மாதத்தில், நியூயார்க் டைம்ஸ் இதழில் கறுப்பினப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல் எழுதியிருந்தார். மைதானத்தை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், நூலகத்துக்கு அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். களத்தில் வெல்வோர் சிலரே, எஞ்சியவர்களுக்குக் கல்வியே துணை என்று அவர் வாதிட்டார். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குக் குறைந்தபட்சத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியையும் பின்னர் ஆதரித்தார். தரமற்ற பள்ளிகளில் தள்ளப்பட்ட பிள்ளைகளை அவ்விதி தண்டிக்கும் எனக் கறுப்பினப் பயிற்சியாளர்கள் எதிர்த்தனர். நுழைவுத் தேர்வுகளின் காலத்தில் வாழும் நமக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் எளிதில் விளங்கும். இவ்விடயத்தில் ஆஷுடன் நாம் முரண்படலாம்.

இரு தீண்டாமைகள்

1983-இல் இரண்டாம் இதய அறுவை சிகிச்சை. அப்போது ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியதாகக் கருதப்படுகிறது. இரத்தத்தைச் சோதிக்கும் முறை 1985-இல்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. 1988-இல் வலக்கை செயலிழந்து, மூளையில் அறுவை சிகிச்சை செய்தபோது உண்மை வெளிப்பட்டது. இந்தியாவில் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் முதல் தொற்றுகளைக் கண்டறிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நோயாளியைத் தொடவும் உடன் உண்ணவும் உலகமே அஞ்சிய காலம் அது. ஆஷும் ஜீனும் நெருங்கிய சிலர் தவிர எவருக்கும் சொல்லவில்லை. அவர்களின் மகள் காமெராவுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

1992 ஏப்ரலில் ஒரு நாளேடு செய்தியை வெளியிட முனைந்ததும், முந்திக்கொண்டு தாமே அறிவித்தார். மகளைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் குரல் அடைத்தது. ஜீன் தொடர்ந்து வாசித்தார். தம் உடலின் செய்தியைத் தாம் சொல்லும் உரிமை பறிக்கப்பட்டதாக அவர் வருந்தினார்.

அக்காலத்தில்தான், எய்ட்ஸ் நோயே தாம் சுமக்க நேர்ந்த பெரும் பாரமா என அவரிடம் கேட்கப்பட்டது. இல்லை, கறுப்பராக வாழ்வதே அதைவிடப் பெரிய பாரம் என்பது அவர் விடை. அரங்குகள் எழுந்து நின்று போற்றிய மனிதர், செல்வமும் சிறந்த மருத்துவமும் பெற்றவர், சாவின் வாசலில் நின்று இதைக் கூறினார். நோயைச் சுமந்தவருக்குக் கிட்டிய மருத்துவரும் மருந்தும் பரிவும், நிறத்தைச் சுமந்தவருக்குக் கிட்டவில்லை. குதிகால் காயம் ஒரு பருவத்தில் ஆறியது. பிறந்த நாளிலேயே சமூகம் ஏற்படுத்திய காயத்தைத் தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் ஆற்ற இயலாது. விளையாட்டு வீரர்களின் மீள்வருகைக் கதைகளைத் தன்முனைப்பு வகுப்புகளுக்கான பாடமாகச் சுருக்குவோர் தவறவிடும் இடம் இதுவே.

ஆஷ் இதைச் செயலிலும் காட்டினார். எஞ்சிய பத்து மாதங்களில் எய்ட்ஸ் ஒழிப்புக்கென அறக்கட்டளை தொடங்கினார். டிசம்பர் 1 அன்று ஐ.நா. அவையில் நிதி கோரி உரையாற்றினார். செப்டம்பரில் ஹெய்தி அகதிகளைத் திருப்பி அனுப்பும் அரசின் கொள்கையை எதிர்த்து வெள்ளை மாளிகை முன் போராடிக் கைதானார். அதையடுத்து மீண்டும் இலேசான மாரடைப்பு வந்தது. இறுதிவரை தம் நினைவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்து, 1993 பிப்ரவரி 6 அன்று, 49 வயதில் மறைந்தார். நீரிழிவு உடலைத் தின்றுகொண்டிருக்க, புத்தரும் அவர் தம்மமும் நூலின் வேலையில் இறுதி நாட்களைக் கழித்த அண்ணல் அம்பேத்கர் இங்கே நம் நினைவுக்கு வருகிறார்.

சிலைகளும் தேர்வடமும்

ரிச்மண்டில் ஆளுநர் மாளிகையில் ஆஷின் உடல் வைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். 1996-இல், அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் நின்ற அதே பெருஞ்சாலையில், கடும் எதிர்ப்புகளுக்கிடையே ஆஷின் சிலை நிறுவப்பட்டது. ஒரு கையில் மட்டை, மறு கையில் நூல்கள், சுற்றிலும் பிள்ளைகள். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்ட அலையில் 2020, 2021 ஆண்டுகளில் தளபதிகளின் சிலைகள் அகற்றப்பட்டன. ஆஷின் சிலை நிற்கிறது.

நம் ஊர்களில் செருப்பணிந்து நடக்கவும் சட்டை அணியவும் நடந்த போர்களை ஆடியோர் பலரின் பெயரை நாம் அறியோம். கண்டதேவித் தேரின் வடம் பிடிக்கும் உரிமைக்காக இப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. காரைக்குடிக் கல்லூரி மைதானங்களில் இன்று ஓடும் மாணவர்களில் பலர், தம் குடும்பத்தில் மைதானத்தில் கால்வைத்த முதல் தலைமுறையினர். அவர்கள் காயமுற்றால் களம் திரும்ப மருத்துவம் வேண்டும்; வென்று ஊர் திரும்பினால் தெருவில் நிமிர்ந்து நடக்கும் பாதுகாப்பு வேண்டும். இவ்விரண்டில் முதலாவதை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள நம்மால் இயலாது என்பதே ஆர்தர் ஆஷின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற பாடம்.