மகுடி ஊதாத மகுடிக் கலைஞர்

நம் துறைமுகத்தடியில் வளர்ந்த பெரியவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் கேட்ட 'நாகின்' படத்து மகுடியை மறந்திருக்கமாட்டார். 1954இல் வெளிவந்த அப்படத்தில் ஒலித்தது மகுடியே அல்ல. கிளாவியோலின் என்னும் சிறு மின்சாரக் கருவி. அதை வாசித்தவர் கல்யாண்ஜி வீர்ஜி ஷா.

கச்சுப் பகுதியில் 1928இல் பிறந்தவர் அவர். தகப்பனார் பம்பாயில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடனைத் தீர்க்க வழியற்ற வாடிக்கையாளர் ஒருவர், அதற்கு ஈடாகக் கடைக்காரரின் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தாராம். வராத கடன் இப்படியும் வந்து சேர்வதுண்டு!

கிளாவியோலினை 1947இல் பிரான்சில் கொன்ஸ்தான் மார்த்தன் என்பவர் உருவாக்கினார். மூன்று ஸ்தாயிக் கட்டைகள் ஒரு பெட்டியில். வால்வுகள் எழுப்பும் மெல்லிய மின்னலைவைப் பெருக்கி ஒலிக்கச் செய்யும் பெட்டி வேறு. முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் சத்தம் ஏறி இறங்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சுரமே எழும். நாற்குரல் கீதத்துக்கு வாங்கியிருந்தால் நம் பாடகர் குழு முணுமுணுத்திருக்கும். மகுடியின் இராகமோ ஒற்றைச் சுரமாகவே நெளிந்து செல்வது. கருவியின் அந்தக் குறையையே கல்யாண்ஜி பிடித்துக்கொண்டார். ஆர்மோனியத்தில் துணைநின்றவர் ரவி.

படத்தின் இசைக்கான பரிசு இசையமைப்பாளர் ஹேமந்த் குமாருக்குச் சென்றது, அது முறையே. பாட்டை இரசித்த நம்மில் எத்தனை பேர், கட்டைகளை அழுத்திய விரல்கள் யாருடையவை என்று விசாரித்தோம்?

1958இல் 'சாம்ராட் சந்திரகுப்தா' படத்துக்குத் தாமே இசையமைத்தார். பின்னர் தம்பி ஆனந்த்ஜியுடன் இணைந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். 1992இல் பத்மஸ்ரீ விருது. 2000 ஆகஸ்ட் 24இல் காலமானார்.