தாமரை நிலவு

சடையங்குப்பத்து மாணவியராகிய நாங்கள், சென்ற கோடை விடுமுறையில் களிமண்ணால் தேநீர்க் கிண்ணம் செய்யப் பழகினோம். எங்களிடம் சக்கரம் இல்லை. மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வட்டமாக அடுக்கி, ஈர விரலால் இணைத்தோம். பாதி வெயிலில் வெடித்தன. மீதி கோணலாக நின்றன. அவற்றை வீசியெறிய இருந்தபோது, எங்கள் கைவேலை ஆசிரியை ஒரு துறவியின் வரலாற்றைக் கூறினார்கள்.

ஜப்பானில் புகழ்பெற்ற அவர் பெயர் ஒதாகாகி ரெங்கெட்சு. 1791-ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் பிறந்தவர். ஒதாகாகி குடும்பத்தார் இவரைத் தத்தெடுத்து வளர்த்தனர். மணமாகிப் பெற்ற குழந்தைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். இரண்டாம் கணவரும் 1823-இல் காலமானார். துயரம் தாங்காது தலைமுடி களைந்து பௌத்தத் துறவியானார். ரெங்கெட்சு என்பது அவரது துறவுப் பெயர். தாமரை நிலவு என்பது அதன் பொருள். 1832-இல் வளர்ப்புத் தந்தையும் மறையவே, நாற்பது வயதைக் கடந்த அவர் தனித்து நின்றார்.

நாங்கள் பொழுதுபோக்காகச் செய்ததை அவர் வயிற்றுப்பாட்டுக்காகத் தொடங்கினார். அவர் குயவர் குலத்தில் பிறந்தவர் அல்லர். சக்கரமின்றிக் கையாலேயே சிறு தேநீர்க் கெண்டிகளும் கிண்ணங்களும் செய்தார். விரல் தடங்களை அவர் மறைக்கவில்லை. மண் காயுமுன், தாம் இயற்றிய கவிதையைக் கூரிய முனையால் அதில் பொறித்தார். அந்த எளிய கலங்களை மக்கள் தேடி வாங்கினர். போலிகள் கிளம்பியபோதும் அவர் சினம் கொள்ளவில்லை; பிறர் செய்த கலங்களிலும் தம் கவிதையை எழுதிக் கொடுத்தார் என்பர்.

வந்த பொருளை அவர் சேர்த்து வைக்கவில்லை. பஞ்சத்தில் வாடிய ஏழைகளுக்கு அளித்தார். காமோ ஆற்றின்மேல் பாலம் அமைக்கவும் கொடுத்தார். பின்னாளில் பெரும் ஓவியரான தொமியொகா தெஸ்ஸாய், இளமையில் அவருக்கு உதவியாக இருந்தவர். 1875-இல், தமது 84-ஆம் வயதில் ரெங்கெட்சு இயற்கை எய்தினார். பெரும் இழப்புகளுக்குப் பின்னும் அவர் கைகள் ஓய்ந்திருக்கவில்லை.

இதைக் கேட்டபின் எங்கள் கிண்ணங்களை நாங்கள் எறியவில்லை. ஒரு குயவர் அவற்றைத் தம் சூளையில் சுட்டுத் தந்தார். எங்களுள் ஒருத்தி இவ்வாண்டு தாயை இழந்தவள். அவள் தன் கிண்ணத்தில் அம்மாவின் பெயரைப் பொறித்திருந்தாள். அது வெடிக்காமல் வந்தது; சற்றே கோணல்தான். நாள்தோறும் மாலையில் வேலை முடிந்து வரும் தந்தைக்கு அவள் அதில்தான் தேநீர் கொடுக்கிறாள்.