பாட்டுக் கருவிக்கு உயிர் தேடிய எடிசன்

வெள்ளிக்கிழமை மாலையில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடந்து பாருங்கள். துணிக்கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இடையே கைப்பேசித் துணைப்பொருள் விற்கும் சிறு கடைகள் கண்ணில் படும். அங்கே காதணி ஒலிபெருக்கிகளுக்கு அருகில் பவர் பேங்குகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள் பலர் டிபிஎஸ் முனையத்துக்குப் போகும் முன் அதில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பட்டர்வொர்த் வரை நீண்ட பயணம். தாப்பாவைத் தாண்டும் முன்னே கைப்பேசி அணைந்து பாட்டு நின்றுபோனால் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாணவர்களே, இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒலியைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியை உலகுக்குத் தந்த தாமஸ் ஆல்வா எடிசனே இதைச் சந்தித்தார். மின்விளக்கின் வழியாக அவரை நாம் அறிவோம். மின்கலத்தோடு அவர் நடத்திய நீண்ட போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அமிலம் சிந்திய இரவு

1847 பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மிலான் என்ற சிற்றூரில் எடிசன் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மிகக் குறைவு. தாயார் நான்சியே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றார். சிறு வயதிலிருந்தே அவருக்குக் காது மந்தம்.

பின்னர் தந்தி அடிக்கக் கற்று, ஊர் ஊராகச் சென்று தந்தி அலுவலகங்களில் வேலை பார்த்தார். அக்காலத் தந்திக்கு மின்சாரம் தந்தவை திரவம் நிரப்பிய மின்கலங்கள். அதனால் மின்விளக்கைப் பற்றி நினைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடிசனுக்கு மின்கலம் பழகிப் போயிருந்தது.

கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் அவர் இரவு வேலை பார்த்த காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டில் ஓரிரவு, மின்கலம் ஒன்றை வைத்துச் சோதனை செய்தபோது கந்தக அமிலத்தைத் தரையில் சிந்திவிட்டார். அது பலகை இடுக்கு வழியாக ஒழுகி, கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேசையைப் பாழாக்கியது. மறுநாள் காலையில் எடிசனுக்கு வேலை போயிற்று. அமில மின்கலத்தின் தொல்லையை அவர் இளமையிலேயே பட்டறிந்தார்.

குழாய் வழியே கேட்ட பாட்டு

1877ஆம் ஆண்டு எடிசன் போனோகிராஃப் கருவியை உருவாக்கினார். வெள்ளீயத்தகடு சுற்றிய உருளையைக் கையால் சுழற்றியபடி பேசினால் ஊசி அதில் தடம் பதிக்கும். ஊசியை மீண்டும் அதே தடத்தில் ஓட்டினால் பேசியது திரும்பக் கேட்கும். காது சரியாகக் கேளாத ஒருவர் உலகுக்கு ஒலிப்பதிவைக் கொடுத்தார் என்பது வியப்புக்குரியது. இசையை நன்றாகக் கேட்பதற்காகக் கருவியின் மரச்சட்டத்தைப் பல்லால் கடித்து, அதிர்வை எலும்பு வழியாக உணர்வது அவர் வழக்கம்.

கையால் சுழற்றும்போது வேகம் கூடும், குறையும். பாட்டின் சுருதியும் அதோடு சேர்ந்து ஆடும். ஆகவே 1888இல் மெழுகு உருளையோடு வந்த புதிய கருவியில் சிறிய மின்மோட்டாரைப் பொருத்தினார். வேகம் சீரானது. 1889ஆம் ஆண்டு இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரின் மதுக்கூடம் ஒன்றில், காசு போட்டால் பாடும் எடிசன் கருவி வைக்கப்பட்டது. அதில் நான்கு குழாய்கள் இருந்தன. வாடிக்கையாளர்கள் அவற்றைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டார்கள். இன்று நாம் காதில் செருகிக்கொள்ளும் கருவிக்கு அதை மூத்த உறவினர் என்றே சொல்லலாம்.

ஆனால் மோட்டாரை ஓட்டியது மின்கலம். அன்று பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. மின்கலம் தீர்ந்தால் புதிதாகத் திரவம் நிரப்ப வேண்டும், இல்லையேல் எங்காவது கொண்டுபோய் மின்னேற்ற வேண்டும். அது கனமானது, அமிலம் சிந்தினால் மரமும் துணியும் அரிக்கும். கருவியை வாடகைக்கு எடுத்தவர்கள் அதைப் பராமரிக்க முடியாமல் திணறினார்கள். கடைசியில் 1896 முதல் எடிசன் நிறுவனமே சாவி கொடுத்து முறுக்கும் சுருள்வில் கருவிகளை விற்கத் தொடங்கியது. அவற்றை எங்கும் தூக்கிச் செல்லலாம், விலையும் குறைவு. மின்சாரத்தின் மன்னர் என்று பேர் வாங்கியவரின் பாட்டுக் கருவி, மின்சாரம் இல்லாமலே வீடுகளுக்குள் நுழைந்தது.

பத்தாண்டு உழைப்பு

சாலையில் மின்கார்கள் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. அவற்றுக்கும் ஈயமும் அமிலமும் கொண்ட கனத்த மின்கலமே துணை. அதைவிட இலேசான, நீண்ட நாள் உழைக்கும் மின்கலம் வேண்டும் என்று எடிசன் முடிவு செய்தார். அமிலத்தைக் கைவிட்டுக் காரத்தைத் தேர்ந்தெடுத்தார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு முனைக்கு நிக்கல், மறு முனைக்கு இரும்பு, வெளியே எஃகுப் பெட்டி. இதற்கென 1901இல் தனி நிறுவனம் தொடங்கினார். இதே காலத்தில் சுவீடன் நாட்டின் வால்டெமார் யுங்னரும் கார மின்கலங்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே காப்புரிமைச் சச்சரவும் எழுந்தது.

எடிசனின் மின்கலம் பெரும் விளம்பரத்தோடு சந்தைக்கு வந்தது. சிறிது காலத்திலேயே குறைகள் வெளிப்பட்டன. சில பெட்டிகளில் கசிவு ஏற்பட்டது. பல மின்கலங்களின் கொள்ளளவு விரைவில் குறைந்தது. வாங்கியவர்களில் சிலர் நிறைவோடுதான் இருந்தார்கள். விற்பதைத் தொடர்ந்திருந்தால் பணம் வந்திருக்கும். எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ளவற்றைத் தம் செலவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குள் போனார்.

அதன் பிறகு ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. மின்கலங்களை வண்டிகளில் ஏற்றிக் கரடுமுரடான சாலைகளில் ஓட்டிச் சோதித்தார்கள். நிக்கல் சேர்மம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால், அதற்கிடையே மெல்லிய நிக்கல் செதில்களை அடுக்கடுக்காக வைத்தார்கள். கரைசலில் சிறிது லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபோது மின்கலத்தின் திறன் மேம்பட்டது. 1909ஆம் ஆண்டு புதிய மின்கலம் வெளிவந்தபோது எடிசனுக்கு வயது 62.

காலம் மட்டும் காத்திருக்கவில்லை. ஃபோர்டின் மலிவான பெட்ரோல் கார் 1908இலேயே வந்துவிட்டது. எந்தக் காருக்காக உழைத்தாரோ அந்த மின்கார் மெல்ல மறைந்தது. ஆனால் மின்கலம் மறையவில்லை. ரயில் பெட்டி விளக்குகளுக்கும் ரயில் சமிக்ஞைகளுக்கும் சுரங்கத் தொழிலாளரின் தலைவிளக்குக்கும் அது பயன்பட்டது. பல மின்கலங்கள் பத்தாண்டுகள் கடந்தும் உழைத்தன. எடிசனின் பிற்காலத்தில் அவருக்கு நல்ல வருமானம் தந்த பொருள்களில் அதுவும் ஒன்று.

சேமித்த மின்சாரத்தின் ஆபத்து

இந்த வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. 1916 ஜனவரியில், நியூயார்க் கடற்படைக் கப்பல் தளத்தில் எடிசன் மின்கலங்கள் பொருத்தப்பட்டிருந்த ஈ-2 என்ற நீர்மூழ்கிக் கப்பலில் வெடிப்பு நிகழ்ந்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் உயிரிழந்தனர். மின்கலங்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் வாயுவே தீப்பற்றியது. போதிய காற்றோட்டம் இல்லாததே காரணம் என்று எடிசன் தரப்பு வாதாடியது. யார் பக்கம் நியாயம் இருந்தாலும், ஆற்றலைச் சிறு பெட்டிக்குள் அடைத்தால் ஆபத்தும் கூடவே அடைபடும் என்ற பாடத்தை உலகம் கற்றுக்கொண்டது.

1931 அக்டோபர் 18ஆம் நாள், தமது 84ஆம் வயதில் எடிசன் மறைந்தார். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 1979இல் சோனியின் வாக்மேன் இரண்டு சிறிய உலர் மின்கலங்களோடு பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மின்னேற்றி மீண்டும் பயன்படுத்தும் நிக்கல் மின்கலங்களும் பாட்டுக் கருவிகளுக்குள் இடம் பிடித்தன; அவை யுங்னரும் எடிசனும் தொடங்கிய கார மின்கலக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1991 முதல் லித்தியம் அயன் மின்கலம் விற்பனைக்கு வந்தது. மஸ்ஜித் இந்தியாவில் நாம் வாங்கும் பவர் பேங்குக்குள் இருப்பது அந்த வகைதான்.

வாங்கும்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது 20 ஆம்பியர்-மணி. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. விமானப் பயணத்தில் பொதுவாக 100 வாட்-மணி வரைதான் முன்அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். அதுவும் கைப்பையில் மட்டுமே, சரக்குப் பையில் வைக்கக் கூடாது. அளவோ தயாரிப்பு விவரமோ அச்சிடப்படாத பவர் பேங்க் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வீங்கிப்போனதை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

எடிசன் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றபோது அவர் உலகப் புகழின் உச்சியில் இருந்தார். தோற்றுவிட்டார் என்று ஊர் பேசும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தாமே விற்றதைத் தாமே தவறு என்று ஒப்புக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார். தேர்வில் ஒரு முறை சறுக்கியவர்களும், பாதியில் நின்ற ஆய்வை மேசையில் வைத்திருப்பவர்களும் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய துணிச்சல் அது. அடுத்த முறை பேருந்தில் பவர் பேங்கைச் செருகிப் பாட்டைத் தொடரும்போது, பத்தாண்டுகள் அதற்காகவே உழைத்த அந்தக் காது மந்தமான மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.