டாக்டர் வெங்கடசாமியும் சிஸ்டர் பிள்ளைகளும்

நான் வண்டியூர், பத்தாவது வரைக்கும் படிச்சவ. மலருக்கு ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதச் சொன்னதும், நம்ம அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமிதான் நினைவுக்கு வந்தார்.

1918 அக்டோபர் 1-ல், எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ டாக்டர் ஆகணும்னு நினைத்தார். சென்னையில் படித்து 1944-ல் டாக்டரானார். ராணுவத்திலும் வேலை பார்த்தார். அப்போதுதான் முடக்குவாதம் வந்து படுக்கையில் போட்டது. கைவிரல் எல்லாம் கோணிப்போச்சு. பேனா பிடிக்கவே சிரமம். பிரசவம் பார்க்கிற ஆசை அதோடு முடிஞ்சது.

வேற யாராயிருந்தாலும் ஓய்ந்து உட்கார்ந்திருப்பாங்க. இவர் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரலாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். 1956-ல் மதுரைக்கு வந்து, மருத்துவக் கல்லூரியிலும் நம்ம பெரியாஸ்பத்திரியிலும் கண் பிரிவுக்குத் தலைவரானார். வாழ்நாளில் அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்திருக்கிறார். 1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1976-ல், 58 வயதில் ரிட்டயர்டு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி தங்கைகளையே குடும்பமா நினைச்சவர். அவங்களைச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தும், குடும்பத்து நகையை வைத்தும் கட்டடம் எழும்பியது. நகையை அடகு வைக்கிறது எப்படிப்பட்ட முடிவுன்னு நமக்குச் சொல்லத் தேவையில்லை.

கிராமங்களில் கண் முகாம் போட்டபோது ஒன்றைக் கவனித்தார்கள். ஆபரேஷன் இலவசம்னு சொன்னாலும் வயசானவங்க வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட்டிப்போக ஆள் இல்லை. அதனால் ஆஸ்பத்திரியே பஸ்ஸில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து ஊரில் கொண்டுபோய் விட்டது.

இத்தனை பேரை ஒரு டாக்டர் எப்படிப் பார்க்க முடியும்? அங்கதான் அவர் யோசனை வேலை செய்தது. டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியதை டாக்டர் செய்யட்டும், மற்றதை நல்லாப் பழகினவங்க செய்யட்டும் என்று வேலையைப் பிரித்தார். அதற்குக் கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியை வளர்த்தவர் அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார்.

எங்க அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது துணைக்குப் போயிருந்தேன். அத்தைக்கு ஒரே பயம், கண்ணே போயிரும்னு ராத்திரியெல்லாம் அழுதாங்க. ஒரு சிஸ்டர் பார்வை சோதித்தாங்க. இன்னொரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஆபரேஷன் எப்படி நடக்கும்னு நம்ம பேச்சிலேயே சொல்லிச்சு. இன்னொருத்தி சொட்டு மருந்து விட்டாள். ஒருத்தி கையைப் பிடித்துத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். உள்ளே ரெண்டு மேஜை பக்கத்துப் பக்கத்தில் இருக்குமாம். டாக்டர் ஒரு மேஜையில் முடிப்பதற்குள் அடுத்த மேஜையில் இன்னொருவரைச் சிஸ்டர்கள் தயாரா வைத்திருப்பாங்களாம். டாக்டருக்கு அந்தப் பக்கம் திரும்புற வேலைதான்.

இதில் ஒருத்தி சொட்டு மருந்தை மறந்தாலும், அடுத்தவள் வேலை நின்றுவிடும். கண்ணைத் தேய்க்காதே, தண்ணி படாமப் பார்த்துக்கோன்னு ஒருத்தி சொல்லாமல் விட்டாலும், டாக்டர் செய்த நல்ல ஆபரேஷன் வீணாப் போகும். அங்க எந்த வேலையும் சின்ன வேலை இல்லை. கட்டு அவிழ்த்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்து, நீ இவ்வளவு இளைச்சுட்டியேன்னுதான் முதல்ல கேட்டாங்க.

பிறகு தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று ஆஸ்பத்திரிகள் பெருகின. 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலையில் செய்ய ஆரம்பித்தார்கள். டாக்டர் 2006 ஜூலை 7-ல் காலமானார். ஆனால் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. எல்லாத்தையும் தன் கையிலேயே வைத்திருந்தால் அவரோடே போயிருக்கும்.

இதை எழுதும்போது எங்க குழு ஞாபகம் வருது. கணக்கு நோட்டு, பேங்க், தீர்மானம் எல்லாம் ஊக்குநர் ஒருத்தர் தலையில் கிடந்தது. மகள் பிரசவத்துக்கு அவங்க ஊருக்குப் போன ரெண்டு மாசம், தவணை தவறி அபராத வட்டி கட்டினோம். அவங்களைத் திட்டினவங்களில் நானும் ஒருத்தி. ஆனா நான் அந்த நோட்டை ஒரு நாளும் தொட்டதில்லை. இப்போ எழுதுறது ஒருத்தர், சரிபார்க்கிறது ஒருத்தர், பேங்குக்கு மாற்றி மாற்றி ரெண்டு பேர்.

சகோதரிகளே, உங்க தெருவிலும் கண் மங்கிப்போய்ச் சுவரைத் தடவி நடக்கிற ஒரு அம்மாவோ ஐயாவோ இருப்பாங்க. அடுத்த கூட்டத்தில் அவங்க பேரைச் சொல்லுங்க. கூட்டிப்போக ஒருத்தர், வீட்டையும் ஆட்டையும் பார்த்துக்க ஒருத்தர், திரும்பி வந்ததும் சொட்டு மருந்து விட ஒருத்தர். மூணு பேர் போதும். நம்ம குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கோம்.