ஜோர்ஜ் மெலியேயும் விற்றதனால் வாழ்ந்த படங்களும்

1923ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரை அடுத்த மொன்ட்ரேய் என்னும் ஊரில், அறுபத்தொரு வயதான ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பைத் தீக்கு இரையாக்கினார். அவர் எரித்தவை, தாமே கதை புனைந்து, தாமே காட்சித்திரை வரைந்து, தாமே நடித்து, தாமே நெறிப்படுத்திய திரைப்படங்களின் மூலச் சுருள்கள். மூலம் எரிந்தபின் படமும் இல்லை என்பதே உலகோர் எண்ணம். ஆயினும் இன்று, உள்ளங்கை அகலமுள்ள சில இறுவட்டுக்களில், அவருடைய படங்கள் ஏறத்தாழ இருநூறு நம் வீட்டு மேசைமீது இருக்கின்றன.

எரித்தவர் ஜோர்ஜ் மெலியே. எரிந்தவை எவ்வாறு பிழைத்தன என்பதை அறிய அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்கவேண்டும். பழைய மௌனப் படங்கள் செம்மையான பதிப்புக்களாக நம் வீடுகளை வந்தடைய வேண்டுமென்று காத்திருப்போருள் நானும் ஒருவன். அந்தக் காத்திருப்பின் நியாயத்தை இவருடைய வாழ்க்கையைப்போலத் தெளிவாக எடுத்துரைக்கும் வேறொரு வாழ்க்கையை நான் அறியேன்.

மெலியே 1861ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் திகதி பாரிஸிலே பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திச் செல்வம் ஈட்டியவர். மூன்று ஆண்மக்களும் அத்தொழிலையே தொடரவேண்டும் என்பது குடும்பத்தின் கட்டளை. இளையவரான ஜோர்ஜுக்கோ ஓவியத்தின்மீது நாட்டம். 1884இல் அவரை இலண்டனுக்கு அனுப்பினர். தொழில் பழகப் போனவர் எகிப்திய மண்டபத்தில் நிகழ்ந்த மாயவித்தைக் காட்சிகளிலே மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பினார். 1888இல் குடும்பத் தொழிலில் தமக்குரிய பங்கைச் சகோதரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தால் பாரிஸிலே புகழ்பெற்றிருந்த ரொபேர்-ஊடான் மாயவித்தை அரங்கை விலைக்கு வாங்கினார். சப்பாத்தை விட்டு மாயத்தைப் பற்றிய அந்த நாளிலிருந்து அவருடைய உண்மையான வாழ்வு ஆரம்பமாகிறது.

1895ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் திகதி லூமியேர் குடும்பத்தார் பாரிஸில் முதன்முதலாகக் கட்டணம் பெற்றுச் சலனப் படங்களைக் காட்டினர். அவையில் இருந்தவர்களுள் மெலியேயும் ஒருவர். அந்தக் கருவியைத் தமக்கு விற்கும்படி அன்றே கேட்டார். பத்தாயிரம் பிராங்க் தருவதாகவும் சொன்னார். லூமியேர் சகோதரரின் தந்தையார் மறுத்துவிட்டார். மனந்தளராத மெலியே, இலண்டனிலே ரொபர்ட் போல் என்பவர் செய்து விற்ற கருவியை வாங்கி வந்து, அதனைப் படம் பிடிக்கும் கமராவாகத் தம் கையாலேயே மாற்றி அமைத்தார். 1896இல் அவருடைய முதற் படங்கள் வெளிவந்தன.

பிறர் தெருவையும் புகையிரதத்தையும் கடலையும் படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் இல்லாததைக் காட்டினார். கமராவை நிறுத்தி, பொருளை மாற்றி, மீண்டும் இயக்கினால் ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றும். ஒரே சுருளை இருமுறை ஒளிபடச் செய்தால் ஒருவரே இருவராவார். மாயவித்தைக்காரன் பல ஆண்டுகளாக மேடையில் செய்ய முயன்றவற்றையெல்லாம் கமரா ஒரு நொடியில் செய்துவிடும் என்பதை முதலில் முழுமையாக உணர்ந்தவர் மெலியேயே. 1897இல் மொன்ட்ரேயிலே, சுவரும் கூரையும் கண்ணாடியாலான படப்பிடிப்புக் கூடம் ஒன்றை எழுப்பினார். சூரிய ஒளியே அதன் விளக்கு. 1913 வரை அவர் செய்த படங்கள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை.

அவற்றுள் உலகறிந்தது 1902இல் வந்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்'. பதினான்கு நிமிட அளவினதான அப் படத்துக்கு மூன்று மாத உழைப்பும் பத்தாயிரம் பிராங்கும் செலவாயின. சந்திரனின் முகத்தில், ஒரு கண்ணிலே விண்கலம் வந்து தைத்து நிற்கும் காட்சியைக் காணாதவர் அரியர். இப் படத்தின் பிரதியை மெலியே, கறுப்பு வெள்ளையில் 560 பிராங்குக்கும், கையால் வண்ணமிட்டதை 1000 பிராங்குக்கும் விற்றார். எலிசபெத் துய்லியே என்னும் அம்மையாரின் வண்ணக் கூடத்திலே இருநூறு பெண்கள்வரை வேலை செய்தனர். ஒவ்வொருத்திக்கும் ஒரு வண்ணம். படக் கட்டம் ஒவ்வொன்றிலும் நுண்ணிய தூரிகையால் அதனைத் தீட்டவேண்டும்.

விற்றார் என்னும் சொல்லை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். அக் காலத்திலே படம் வாடகைக்கு வருவதன்று. ஊர்ச் சந்தைகளிலே கூடாரமடித்துக் காட்டுவோர் துணி வாங்குவதுபோலப் படத்தை விலை கொடுத்து வாங்கிச் சென்றனர். சுருள் அவர்களுடைய சொத்தாயிற்று. இதனால் மெலியேக்கு நட்டமும் உண்டு. அமெரிக்காவிலே எடிசன் முதலானோரின் கொம்பனிகள் 'சந்திரனுக்கு ஒரு பயணம்' படத்தின் பிரதிகளை அனுமதியின்றிப் பெருக்கிப் பணம் பண்ணின. அதனைத் தடுக்கவே 1903இல் தம் தமையனார் கஸ்தோனை நியூயோர்க்குக்கு அனுப்பி அங்கொரு கிளை நிறுவினார். ஒரே காட்சியை இரு மூலச் சுருள்களிற் பிடித்து, ஒன்றை அமெரிக்காவுக்கும் அனுப்பலானார். தம் உரிமையைக் காக்க அவர் செய்த அந்த ஏற்பாடு, பிற்காலத்தில் அவருடைய படங்களைக் காத்த வழிகளுள் ஒன்றாயிற்று.

1909இல் பாரிஸிலே படத் தயாரிப்பாளரின் மகாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் மெலியே. ஆனால் அங்கு எடுக்கப்பட்ட முடிவு அவருக்கு உவப்பானதன்று. இனிப் படங்களை விற்பதில்லை. நான்கு மாதத்துக்கு வாடகைக்கே கொடுப்பது. தவணை முடிந்ததும் சுருளைத் திருப்பிப் பெறுவது. பெரும் ஆலைபோல இயங்கிய பாதே முதலிய கொம்பனிகளுக்கு இது இலாபம். தம் கையாலே படம் செய்து, சந்தை வணிகருக்கு விற்று வாழ்ந்த மெலியேக்கோ இது பேரிடி. 1911இல் தம் வீட்டையும் படப்பிடிப்புக் கூடத்தையும் ஈடு வைத்துப் பாதே கொம்பனியின் பணத்தைப் பெற்றார். 1912இல் வந்த 'துருவ வெற்றி' மக்களைக் கவரவில்லை. அவர்களுடைய சுவை அதற்குள் மாறிவிட்டது. 1913இல் மனைவியாரும் காலமானார். அந்த ஆண்டோடு மெலியே படத்தொழிலை விட்டார்.

முதலாம் உலகப் போரின்போது அவருடைய படச் சுருள்கள் பலவற்றை இராணுவம் கைப்பற்றி, வெள்ளியையும் செலுலோயிட்டையும் பிரித்தெடுப்பதற்காக உருக்கிற்று என்றும், அந்த செலுலோயிட் சப்பாத்துக் குதிகள் செய்யப் பயன்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். சப்பாத்துத் தொழிலை விட்டுக் கலையை நாடியவரின் கலை, மீண்டும் சப்பாத்தாயிற்று! விதியின் விளையாட்டு என்பதைவிட வேறென்ன சொல்வது?

1923இல் வீதி அமைப்பதற்காக ரொபேர்-ஊடான் அரங்கு இடிக்கப்பட்டது. மொன்ட்ரேய்ச் சொத்துக்கள் கடனிலே போயின. சுருள்களை வைத்திருக்க இடமில்லை. வைத்திருந்து பயன் என்ன என்ற மனக்கசப்பு வேறு. முன்னர்க் கூறிய தீ அப்போது மூண்டதேயாகும். 1925இல், தம் படங்களிலே முன்னர் நடித்தவரான ஜெஹான் தால்சியை மணந்து, மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தில் அந்த அம்மையார் நடத்திய சிறு கடையிலே விளையாட்டுச் சாமானும் இனிப்பும் விற்கலானார். சந்திரனுக்கு வழி காட்டியவர் அவரென்பது பயணிகளுக்குத் தெரியாது. பத்திரிகையாளர் ஒருவர் அவரை அங்கே இனங்கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார்.

1929இல் நாட்டுப்புற மாளிகை ஒன்றிலிருந்து மெலியேயின் பழைய பிரதிகள் சில அகப்பட்டன. ஒருகாலத்தில் விலைக்கு வாங்கப்பட்டு மறக்கப்பட்டவை அவை. அந்த ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி பாரிஸின் பிளேயெல் மண்டபத்தில் அவருக்கு விழா எடுத்து, எஞ்சியிருந்த படங்களைக் காட்டினர். 1931இல் பிரெஞ்சு அரசின் கௌரவ விருதை லூயி லூமியேரே அவருக்கு அணிவித்தார். 1932இல் ஓர்லி என்னுமிடத்திலே, முதிய சினிமாத் தொழிலாளருக்கான இல்லத்தில் குடும்பத்தோடு குடியேறினார். அப்போது ஆங்ரி லாங்குலுவா என்னும் இளைஞர் பழைய படங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். பிரெஞ்சுத் திரைப்படக் களஞ்சியம் 1936இல் உருவான காலத்தில், அதன் முதற் சுருள்கள் அந்த இல்லத்தின் வளவிலிருந்த கட்டடம் ஒன்றிலே வைக்கப்பட்டன. அதன் திறப்பை ஒப்புவித்தது மெலியேயின் கையில். தம் படங்களை எரித்த கை, பிறர் படங்களைக் காத்தது. 1938ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி அவர் மறைந்தார்.

மனிதர் மறைந்தபின் படங்களின் வாழ்வு தொடர்ந்தது. 1993இல் பார்சிலோனாவிலுள்ள களஞ்சியத்துக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அளித்த பழஞ்சுருள்களிடையே 'சந்திரனுக்கு ஒரு பயணம்' படத்தின் வண்ணப் பிரதி இருந்தது. சுருள் ஒட்டிக் கட்டியாக இறுகிப்போயிருந்தது. பாரிஸிலிருந்த லொப்ஸ்டர் நிறுவனத்தார் அதனைப் பெற்று, இரசாயன ஆவியினால் இளக்கி, துண்டு துண்டாகப் பிரித்துப் படமெடுத்தனர். சிதைந்த பகுதிகளைக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து நிரப்பி, 13,375 படக் கட்டங்களைச் செப்பனிட்டு, 2011ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவிலே காட்டினர். அடுத்த ஆண்டு அது இறுவட்டாக வெளியாயிற்று. அதற்கு முன்பே, 2008இல், மெலியேயின் 173 படங்கள் ஐந்து இறுவட்டுக்களிலும், 2010இல் மேலும் 26 படங்கள் ஓர் இறுவட்டிலும் அமெரிக்காவில் வெளிவந்திருந்தன.

வண்ணப் பதிப்பை நான் வீட்டிலே நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது ஒன்றைக் கண்டேன். விண்கலத்தை ஏவும் காட்சியில் அசையும் கொடிக்குச் சிவப்பும் மஞ்சளும் தீட்டப்பட்டிருந்தன. அது ஸ்பானியக் கொடி. பிரதி எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் கொடியைப் பாரிஸ் பெண்கள் தீட்டியனுப்பினர் போலும். படமாளிகையிலே நொடியில் ஓடி மறைவதை நிறுத்தி நோக்கவும், மாணவருக்குக் காட்டி விளக்கவும் வீட்டுப் பதிப்பே இடந்தருகிறது. ஏட்டைப் புரட்டுவோன்போலப் படத்தைப் புரட்டுகிறோம்.

அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளிவந்த ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், மூல வடிவத்தில் எஞ்சியவை 14 வீதமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. படங்களை வாடகைக்கு விட்டு மீளப்பெற்ற கொம்பனிகள், பயன் முடிந்ததும் வெள்ளிக்காக உருக்கியவை பல. களஞ்சியங்களிலே தீப்பட்டவை பல. வீடுகளுக்குச் சென்றவையோ அவ்வாறு முற்றாக அழியவில்லை. மெலியே தீமூட்டியதற்கு முந்திய ஆண்டு, 1922இல், பாதே கொம்பனியே ஒன்பதரை மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு சுருள்களையும் வீட்டுக் கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1954இல் அத்தகைய வீட்டுச் சுருள் ஒன்றைக் கண்ட கெவின் பிரவுன்லோ என்னும் பாடசாலை மாணவர், ஆபெல் கான்ஸின் 'நெப்போலியன்' படத்தைத் தேடித் தொகுப்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அத்தொகுப்பு 2016இல் பிரித்தானியாவில் வீட்டுப் பதிப்பாகவும் வெளிவந்தது.

ஏட்டுச் சுவடியின் கதையும் இதுதான். பல பிரதி எழுதப்பட்ட நூல் நின்றது. ஒரே வீட்டுப் பெட்டியில் முடங்கிய நூல் செல்லுக்கு இரையாயிற்று.

இப்பொழுது காலம் மீண்டும் 1909ஐ நோக்கித் திரும்புகிறதோ என்று நான் ஐயுறுகிறேன். இணையவழியாக மாதக் கட்டணம் செலுத்திப் படம் பார்க்கிறோம். வசதி பெரிது, மறுப்பார் இல்லை. ஆனால் நம்மிடம் தங்குவது யாது? உரிமைத் தவணை முடிந்த இரவிலே படம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நான்கு மாத வாடகை முறை வேறு உருவில் வந்திருக்கிறது. இறுவட்டும் சாகாவரம் பெற்றதன்று என்பது உண்மை. ஆயினும் ஆயிரம் வீடுகளிலும் நூலகங்களிலும் கிடக்கும் இறுவட்டுக்களை ஒருவர் ஒரே நாளில் எரித்துவிட முடியாது. திருப்பிப் பெறவும் முடியாது.

ஆதலால் மௌனப் படங்கள், தக்க வேகத்திலும் தக்க இசையோடும், அறிஞர் குறிப்புக்களோடும், விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் பதிப்புக்களாக வெளிவரவேண்டும் என்பது என் வேண்டுகோள். பாடசாலை நூலகங்கள் அவற்றை நூல்களோடு சேர்த்து வைக்கவேண்டும்.

மெலியேயின் படங்களில் ஏறத்தாழ முந்நூறு இன்னும் அகப்படவில்லை. 2016இல் பிராக் நகரக் களஞ்சியத்திலே, வேறு தலைப்பிட்டிருந்த ஒரு சுருள், 1904இல் அவர் செய்து காணாமற்போன படம் என்று கண்டறியப்பட்டது. அதனைப் பார்த்தோர் மெலியேயின் கையை அறிந்திருந்தமையாலேயே அது பெயர் பெற்றது. அல்லாவிடின் பெட்டியிலேயே கிடந்திருக்கும். அடுத்த சுருள் எந்த ஊரில், எவர் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ தெரியாது. அதைத் திறப்பவர் இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டுமாயின், கிடைத்த இருநூறையும் அவர் இளமையிலேயே தம் வீட்டில் பார்த்திருக்க வேண்டும்.