கார் ஆலையை நடத்திய டோரதி அம்மா

மலருக்குச் சாதித்த பெண் ஒருவரைப் பற்றி எழுதித் தாங்க என்று கூட்டத்தில் கேட்டதும் எனக்கு டோரதி புல்லிங்கர் ஞாபகம்தான் வந்தது. மாவு மில்லில் தொட்டி எட்டாமல் ரெண்டு செங்கல் போட்டு ஏறி நின்னு அரிசி கொட்டுறவ நான். அதனால்தானோ என்னவோ!

டோரதி 1894-ல் பிரான்சில் பிறந்தவர். அப்பா கார் வடிவமைக்கும் இன்ஜினியர். குடும்பம் பிரிட்டனுக்கு வந்தது. அப்பா மேனேஜராக இருந்த அரோல்-ஜான்ஸ்டன் கார் கம்பெனியில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில், 1910-ல் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தார். மேனேஜர் மகளுக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். 1914-ல் மோட்டார் இன்ஜினியர்கள் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். விதியில் நபர் என்று இருப்பது ஆணைத்தான், பெண்ணை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிச்சவங்க பேசுற பேச்சா இது!

அந்த வருஷமே முதல் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலை வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் பாரோ ஊரில், விக்கர்ஸ் கம்பெனி ஆலையில் வெடிகுண்டு செய்த 7,000 பெண்களை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு டோரதிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயசுதான். பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில் தீர்மான நோட்டை யார் எழுதுறதுன்னே நமக்குள்ள எத்தனை பேச்சு!

போர் முடிந்ததும் ஆலைகள் பெண்களை வீட்டுக்கு அனுப்பின. டோரதி விடவில்லை. 1919-ல் பெண் இன்ஜினியர்கள் சங்கம் தொடங்கியபோது அதில் அவரும் ஒருவர். முன்பு திருப்பி அனுப்பிய அந்தச் சங்கமும் பிறகு அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ஸ்காட்லாந்தின் டங்லேண்ட் ஊரில் இருந்த ஆலை கேலோவே மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனி ஆனது. நிர்வாகம் டோரதி கையில். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழில் பழக ஆண்களுக்கு ஐந்து வருஷம் என்றால், இங்கே பெண்களுக்கு மூன்றே வருஷம். சீக்கிரம் கத்துக்கிறாங்க என்பதுதான் காரணம். ஆலையின் மொட்டை மாடியில் டென்னிஸ் ஆடவும் இடம் இருந்தது.

இனி கார் விஷயம். அந்தக் காலத்துக் கார்கள் ஆண்களின் உடம்புக்கு ஏத்த மாதிரி இருந்தன. டோரதி சீட்டை உயர்த்தினார், முன்பலகையைத் தாழ்த்தினார், ஸ்டியரிங்கைச் சின்னதாக்கினார், ஹேண்ட் பிரேக்கைக் கைக்கு எட்டும்படி வைத்தார். சாமான் வைக்கவும் இடம் விட்டார். எட்டலைன்னா ஓட்டுறவங்க மேல குத்தம் இல்ல, வண்டியை மாத்தணும் என்று யோசித்திருக்கிறார். இதைத்தான் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. நாடு முழுக்க மந்தம். 1923-ல் டங்லேண்ட் ஆலை மூடப்பட்டு, கார் தயாரிப்பு ஹீத்ஹால் ஊருக்குப் போனது. 1924-ல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் கார் போட்டியில் கேலோவே காரைத் தானே ஓட்டி ஜெயித்துக் காட்டினார். 1928-ல் அந்தக் காரே நின்றுபோனது.

ஆண்கள் வேலையைப் பிடுங்கிக்கிட்டா என்று ஊர் பேசியது. சலித்துப்போன டோரதி, லண்டன் பக்கம் குராய்டனில் அமெரிக்க மெஷின்களை வரவழைத்து நீராவி சலவை நிலையம் தொடங்கினார். சலவை பெண்கள் வேலைதானே, யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. இன்ஜினியர் மூளையை அங்கேயும் விடவில்லை. ஒன்று பெருகிப் 17 கடைகள் ஆயின.

1986-ல் காலமானார். கிளாஸ்கோ அருங்காட்சியகத்தில் ஒரு கேலோவே கார் இன்றும் நிற்கிறது.