பெயரும் செயலும்: பேராசிரியர் சுந்தரம் பிள்ளை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழோசை கேளாத நாளில்லை. அதனை அடுத்த வலியசாலையில் காந்தளூர்ச் சிவன் கோயில் நிற்கிறது. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அச்சாலை கல்விச்சாலையா, அறச்சாலையா, கப்பல்துறையா என்ற வாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. பெயர் தன் தொழிலைத் தெளிவாகச் சொல்லாவிடின் விளைவது இதுதான்!

பெயருக்கும் செயலுக்கும் உள்ள உறவை நன்குணர்ந்த பெருமகனார் ஒருவர் இந்நகரில் வாழ்ந்தார். அவரே மனோன்மணீயம் தந்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை.

1855இல் ஆலப்புழையில் பிறந்த அவர், 1876இல் பி.ஏ. பட்டமும் 1880இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். நெல்லை இந்துக் கல்லூரியில் சில காலம் தலைமை ஏற்றார். பின்னர்த் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கினார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துப் பழைய வேணாட்டரசர் வரலாற்றை எழுதினார். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவரல்லர் என்று நிறுவினார். அறிவுத் துறைகளை அவை ஆராயும் பொருள்வழி வகைப்படுத்தி, நூற்றொகை விளக்கம் இயற்றினார்.

1891இல் மனோன்மணீயம் வெளிவந்தது. லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியதாயினும், மாந்தர் பெயர்கள் தமிழ் மண்ணுக்குரியவை. மன்னன் ஜீவகன், உயிரின் பெயர் தாங்கியவன். அவனைக் காக்கும் முனிவருக்குத் தம் குருவாகிய கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளின் பெயரையே சூட்டினார். வஞ்சக அமைச்சன் குடிலன். குடிலம் என்றால் வளைவு. பெயரே எச்சரிக்கை! ஆயினும் மன்னன் உணர்ந்தானில்லை. உண்மை உரைத்த நாராயணனை விடுத்துக் குடிலனையே நம்பினான்; அல்லலுற்றான்.

1897இல், நாற்பத்திரண்டு வயதிலேயே, பேராசிரியர் மறைந்தார். அந்நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கப் பகுதி 1970இல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று.

நண்பர்களே, கணிப்பொறி பயிலும் நமக்கும் இதில் பாடமுண்டு. பைத்தான் மொழியில் சார்ட் என்பது கொடுத்த பட்டியலையே மாற்றி அடுக்கும். சார்ட்டட் என்பது மூலத்தைத் தொடாமல் புதிய பட்டியல் தரும். முன்னது ஏவல், பின்னது செய்து முடித்த பொருளின் பெயர். பெயரே நடத்தையைக் காட்டிவிடுகிறது. மாறாக, படித்துக் காட்டுவதாகப் பெயர் பூண்டு, மறைவில் கோப்பைத் திருத்தும் செயற்கூற்றை எழுதினால் அதை நம்பிய தோழன் என்னாவான்? குடிலனுக்கு நாராயணன் என்று பெயரிட்ட பழி நம்மைச் சேரும்.

பெயரிடுமுன் செயலை நோக்குவோம். செயல் மாறினால் பெயரையும் மாற்றுவோம்.